பண்டிகைக்கு வேண்டிய மூன்று பொருள்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் டிசம்பர் மாதத்தையொட்டி ஒளிபரப்பாகும் விடுமுறைச் சிறப்பு அத்தியாயங்கள் பெரும்பாலும் பனி, பரிசு, குடும்பப் பாசம் ஆகியவற்றின் துணைகொண்டு பார்வையாளரின் மனத்தை இளகச் செய்பவை. மாட் கிரேனிங் உருவாக்கி, டேவிட் எக்ஸ். கோஹனுடன் சேர்ந்து வளர்த்தெடுத்த ‘ஃபியூச்சராமா’ என்னும் அறிவியல் புனைவு நகைச்சுவைக் கேலிச்சித்திரத் தொடர், 2010 நவம்பர் 21 அன்று ஒளிபரப்பிய சிறப்பு அத்தியாயத்தில் அந்த வழக்கத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. மூன்று குறுங்கதைகளாக அமைந்த அந்த அத்தியாயத்தில் கிறிஸ்துமஸ், ஹனுக்கா, குவான்சா ஆகிய பண்டிகைகளின் சாயலில் கொண்டாட்டங்கள் தொடங்குகின்றன. ஒவ்வொன்றிலும் பண்டிகைக்கு இன்றியமையாத ஒரு பொருள் முப்பத்தோராம் நூற்றாண்டுப் பூமியில் தீர்ந்துபோயிருக்கிறது. அதைத் தேடிப் புறப்படும் கதைமாந்தர் ஏறக்குறைய அனைவரும் ஒவ்வொரு கதையின் முடிவிலும் மாண்டுபோய், அடுத்த கதையில் ஒன்றும் நடவாதவர்போல் வந்து நிற்கின்றனர். தீர்ந்துபோன பொருள்கள் ஊசியிலை மரம், பாறை எண்ணெய், தேன்மெழுகு என்பன.

இந்தத் தொடரின் நகைச்சுவையை அறிவியல் உரைகல்லில் உரசிப் பார்ப்பது வீண்வேலை ஆகாது என்பதற்கு அதை எழுதியவர்களே காரணம். கோஹன் ஹார்வர்டில் இயற்பியலும் பெர்க்லியில் கணினி அறிவியலும் பயின்றவர். எழுத்தாளர்களுள் மற்றொருவரான கென் கீலர் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதோடு, அதே 2010ஆம் ஆண்டில் ஒளிபரப்பான மற்றோர் அத்தியாயத்தின் கதைச்சிக்கலை அவிழ்ப்பதற்காகவே ஒரு கணிதத் தேற்றத்தை நிறுவி, அதன் நிறுவலைத் திரையிலேயே எழுதிக் காட்டியவர். சிறப்பு அத்தியாயத்துக்கு முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் அல் கோர் குரல் கொடுத்திருப்பதும் அதன் சுற்றுச்சூழல் நோக்கத்தைச் சொல்லாமல் சொல்கிறது. மூன்று கதைகளையும் அடுத்தடுத்து வைத்து ஆராய்ந்தால், அவற்றில் வரும் இயக்கமுறைகள் பெரும்பாலும் மெய்யான அறிவியலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதும், கதாசிரியர்கள் துணிந்து கைவைத்திருப்பது காலக் கணக்கில்தான் என்பதும் தெளிவாகும்.

முதற்கதையின் வேர் 1999ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான தொடரின் முதல் கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில், ஊசியிலை மரங்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாகவும், அதனால் மக்கள் பனை இனத்து மரங்களுக்கு விளக்கு அலங்காரம் செய்வதாகவும் காட்டப்பட்டது. ஆயிரம் ஆண்டுகள் உறைநிலையில் கிடந்து விழித்த ஃபிரை என்னும் இளைஞனின் ஏக்கத்தைத் தீர்க்கும்பொருட்டு, 2010ஆம் ஆண்டின் கதையில் அவனுடைய நண்பர்கள் நார்வேயின் வடகோடியிலுள்ள ஸ்வால்பார்ட் விதைக் காப்பகத்துக்குச் சென்று விதை எடுத்து வருகின்றனர். பக்கத்திலேயே இருந்த கிருமி ஆயுதக் காப்பகத்திலிருந்து கசிந்தவை அவ்விதையில் கலந்துவிட்டதால், முளைத்த மரம் நொடிப்பொழுதில் வளர்ந்து, பெருகி, உலகையே காடாக்கிவிடுகிறது.

கதையில் வரும் காப்பகம் கற்பனையன்று. வட துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தொலைவில், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் லாங்யியர்பியன் ஊருக்கு அருகே, மணற்கல் மலையொன்றை நூறு மீட்டருக்கும் மேல் உள்நோக்கிக் குடைந்து அமைக்கப்பட்ட அது 2008 பிப்ரவரி 26 அன்று திறக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் உருகாமல் இறுகிக் கிடக்கும் நிலமான உறைமண், குளிரூட்டும் பொறிகள் நின்றுபோனாலும் உறைநிலைக்குக் கீழான குளிரை நெடுநாள் தாங்கி நிற்கும் என்பதாலேயே அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. உள்ளே மூன்று அறைகள் உண்டு. நாற்பத்தைந்து இலட்சம் விதை மாதிரிகளுக்கு இடமுண்டு. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில், காற்றுப் புகாத அலுமினியப் பைகளில், ஒரு மாதிரிக்குச் சுமார் ஐந்நூறு விதைகள் என்ற கணக்கில் அவை அடுக்கப்படுகின்றன. அறுவடையில் ஒரு பங்கை விதைநெல்லாகத் தனியே எடுத்து வைத்து, பஞ்சம் வந்தாலும் அதில் கைவைக்காத உழவரின் வழக்கத்தை உலக அளவில் செய்து பார்ப்பதே இந்த ஏற்பாடு. உலகெங்கும் உள்ள மரபணு வங்கிகள் தம்மிடமுள்ள விதைகளின் மறுபடியை இங்கே ஒப்படைக்கின்றன; ஒப்படைத்தவரைத் தவிர வேறு யாரும் அவற்றைத் திரும்பப் பெற முடியாது. சிரியாவின் அலெப்போ நகருக்கருகே இயங்கிய வறள்நிலப் பயிர் ஆய்வு மையத்தின் வங்கி உள்நாட்டுப் போரால் எட்டாக்கையாகிவிட, அம்மையம் 2015இல் முதன்முறையாக இங்கிருந்து விதைகளைத் திரும்ப எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் பயிரிட்டுப் பெருக்கி, 2017இல் புதிய விதைகளைக் கொண்டுவந்து மீண்டும் வைத்தது.

கதையில் அதற்கு அண்டைவீடாக அமைந்த கிருமி ஆயுதக் காப்பகம் மட்டும் அங்கே இருக்க வழியில்லை. 1920ஆம் ஆண்டின் ஸ்வால்பார்ட் உடன்படிக்கை அத்தீவுக்கூட்டத்தைப் போர் நோக்கத்துக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. அங்கே உண்மையில் அண்டையில் இருந்தது நிலக்கரிச் சுரங்கம். உலகக் காப்பகம் தோன்றுவதற்கு முன்னர், 1984ஆம் ஆண்டு முதல், நோர்டிக் நாடுகளின் மரபணு வங்கி தன் காப்பு விதைகளைக் கைவிடப்பட்ட சுரங்கமொன்றினுள்ளேதான் வைத்திருந்தது. முழங்கால் உயரத்துக்குக்கூட மரம் எழாத இன்றைய ஸ்வால்பார்டில் நிலக்கரி கிடைக்கிறதென்றால், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலத்தில் காடு இருந்தது என்பது பொருள். எதிர்காலக் காட்டுக்கான விதைகள் பழங்காலக் காட்டின் கரிக்கு நடுவே கிடந்த இந்தக் காட்சியை நகைச்சுவைத் தொடர் எழுதுவோர் கவனிக்காமல் விட்டது வியப்பே.

கதாசிரியர்கள் அறிந்திருக்க முடியாத மற்றொன்றும் உண்டு. கதை எழுதப்பட்ட 2010இல் அக்காப்பகம் முதன்மையாக உணவுப் பயிர்களுக்கானதாகவே இருந்தது. நார்வே, ஃபின்லாந்து நாடுகளின் பைன், ஸ்புரூஸ் மர விதைகள் அங்கே முதன்முதலாக வைக்கப்பட்டது 2015 பிப்ரவரியில்தான். கற்பனை ஐந்தாண்டுகள் முந்திக்கொண்டது. ஊசியிலை மர விதைகள் இவ்வகைச் சேமிப்புக்கு ஒத்துவருவதற்குக் காரணம், அவை ஈரப்பதம் மிகக் குறைந்த நிலைக்கு உலர்ந்தபின்னும் கருவின் உயிரைக் காத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை என்பதே. மா, பலா, தென்னை, ரப்பர் போன்ற வெப்ப மண்டல மரங்களின் விதைகளுக்கு அந்தத் திறன் இல்லை. உலர்த்தினால் செத்துவிடும், உறையவைத்தால் உள்ளிருக்கும் நீர் பனிப்படிகமாகிச் செல்களைக் கிழித்துவிடும். ஆதலால் உலகின் மாபெரும் விதைக் காப்பகத்தில் மாங்கொட்டைக்கு இடமில்லை.

பேரளவில் பெருகிய காடு வெளியிட்ட ஆக்சிஜன் வளிமண்டலத்தில் அளவுமீறிச் சேர்ந்துவிட, பெண்டர் என்னும் ரோபோ சுருட்டைப் பற்றவைத்ததும் பூமியே தீப்பற்றி எரிவதோடு முதற்கதை முடிகிறது. காடுகள் ஆக்சிஜனைப் பெருக்குகின்றன என்ற பரவலான நம்பிக்கையின் மேல் எழுந்த நகைச்சுவை இது. அந்த நம்பிக்கையோ ஓர் எளிய கணக்கின் முன் நிற்பதில்லை. ஒளிச்சேர்க்கையில் தாவரம் ஒரு கரியமில வாயு மூலக்கூற்றை எடுத்துக்கொண்டு ஓர் ஆக்சிஜன் மூலக்கூற்றை வெளியிடுகிறது. இன்றைய காற்றில் பத்தாயிரம் மூலக்கூறுகளை எண்ணினால், ஆக்சிஜன் ஏறக்குறைய 2,095 இருக்கும். கரியமில வாயு நான்கே இருக்கும். உலகமெங்கும் மரம் முளைத்து அந்த நான்கையும் ஒன்றுவிடாமல் உறிஞ்சிவிட்டதாகக் கொண்டாலும் ஆக்சிஜனின் எண்ணிக்கை 2,099 என்ற அளவுக்கு உயருமேயன்றி அதற்குமேல் போகாது. அந்நிலை வருவதற்கு வெகுமுன்பே கரியமில வாயுப் பஞ்சத்தால் மரங்கள் பட்டினி கிடந்து வளர்ச்சியை நிறுத்திவிடும். மேலும், மரம் மட்கும்போதும் எரியும்போதும் அதன் வாழ்நாளில் வெளியிட்ட ஆக்சிஜனில் பெரும்பகுதி திரும்பச் செலவாகிவிடுவதால், முதிர்ந்த காடொன்றின் வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும்.

அப்படியானால் காற்றில் இன்றுள்ள ஆக்சிஜன் எப்படிச் சேர்ந்தது என்ற கேள்விக்கு விடை மண்ணுக்கடியில் இருக்கிறது. தாவரமும் நுண்ணுயிரும் மட்காமல், எரியாமல் படிவுகளுக்குள் புதையும்போது, அவற்றின் கரிமத்தோடு சேரவேண்டிய ஆக்சிஜன் சேர ஆளின்றிக் காற்றிலேயே தங்கிவிடுகிறது. புதைதலின் பங்கு ஆண்டொன்றுக்கு மிகச் சிறியது. ஆனால் அது கோடிக்கணக்கான ஆண்டுகள் தொடர்ந்தது. சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஆறு கோடி ஆண்டுகள் நீடித்த கார்பானிஃபெரஸ் காலத்தில், சதுப்புக் காடுகள் அடுக்கடுக்காகப் புதைந்து நிலக்கரியாக மாறியபோது, ஆக்சிஜனின் அளவு இன்றைய 21 விழுக்காட்டைத் தாண்டி, அக்காலத்தின் இறுதியை ஒட்டி 30 விழுக்காட்டளவுக்கு உயர்ந்திருக்கக்கூடும் என்று புவிவேதியியல் மாதிரிகள் மதிப்பிடுகின்றன. அக்காலப் பாறைகளில் மரக்கரித் துணுக்குகள் ஏராளமாகக் கிடைப்பது, ஈர விறகும் எளிதில் தீப்பற்றிய சூழல் நிலவியதற்குச் சான்றாகக் கருதப்படுகிறது. ஆக்சிஜன் தானாக எரியும் பொருளன்று, எரிதலுக்குத் துணைநிற்பது மட்டுமே என்பதால், திரையில் கண்டதுபோல வானமே கொழுந்துவிட்டு எரிய முடியாது. காடு எரியும், அதுவும் ஓயாமல் எரியும். தூய ஆக்சிஜன் சூழலில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 விண்கலத்தின் தரைச் சோதனையில் மூன்று விண்வெளி வீரர்களின் உயிரைக் கொடுத்து அமெரிக்கா அறிந்துகொண்டது. ஆகவே பெண்டரின் சுருட்டுக்கு அறிவியலில் இடமுண்டு. அதற்குத் தேவையான ஆக்சிஜனைச் சேர்க்க ஒரு பண்டிகைக் காலம் போதாது, ஒரு புவியியல் காலமே வேண்டும்.

புதைந்த கரிமத்தின் மற்றொரு வடிவமே இரண்டாவது கதையின் பொருள். எருசலேம் கோயிலில் ஒரு நாளுக்கே போதுமான ஒலிவ எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாகச் சொல்லப்படும் யூத மரபைத் தழுவி, பெண்டர் தனக்கென ஒரு ரோபோப் பண்டிகையை அறிவிக்கிறான். ஆறரை வாரங்கள் நீடிக்கும் அப்பண்டிகையில் பெண் ரோபோக்கள் பாறை எண்ணெயில் புரண்டு மல்யுத்தம் செய்வதே முதன்மைச் சடங்கு. இருப்பிலுள்ள எண்ணெய் பண்டிகை முடியும்வரை போதாது என்பதால் நிலத்தைத் துளைத்துச் செல்லும் ஊர்தியில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு பூமிக்குள் இறங்க, ஆழத்தின் அழுத்தம் அவர்களை நசுக்கிவிடுகிறது. ஐம்பது கோடி ஆண்டுகள் கழித்து, அவர்களே பாறை எண்ணெயாக மாறியிருப்பதைப் பெண்டர் காண்கிறான்.

பாறை எண்ணெய் உயிர்ப்பொருளிலிருந்து உண்டாவது என்ற அளவில் கதை சரியே. எனினும் எண்ணெயின் பெரும்பகுதி டைனோசர் போன்ற பெருவிலங்குகளிலிருந்து வந்ததன்று. கடலில் மிதந்த நுண்பாசிகளும் மிதவை உயிரிகளும் இறந்து, ஆக்சிஜன் குன்றிய கடலடிச் சேற்றில் மட்காமல் படிந்து, மேலே சேர்ந்த வண்டலின் பாரத்தால் இறுகி, கெரோஜன் எனப்படும் மெழுகுத்தன்மையுள்ள திடப்பொருளாகி, பின்னர் வெப்பத்தால் சிதைந்து திரவமானதே அது. இதில் தீர்மானிப்பது அழுத்தத்தைவிட வெப்பமே. ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை சூடேறும் சாதாரண நிலத்தில், இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர் ஆழத்தில், 60 முதல் 120 டிகிரி வரையிலான வெப்பத்தில் கெரோஜன் எண்ணெயாகிறது. அதற்கும் கீழே போனால் எண்ணெயே உடைந்து எரிவாயுவாகிவிடும். பெண்டரின் நண்பர்கள் அவ்வளவு ஆழத்தில் ஐம்பது கோடி ஆண்டுகள் கிடந்திருந்தால் அவன் கையில் எண்ணெய் கிடைத்திருக்காது. மனிதர் துளைத்த மிக ஆழமான செங்குத்துத் துளையான ரஷ்யாவின் கோலா துளைக்கிணறு 1989இல் 12,262 மீட்டரை எட்டியபோது, அடியில் எதிர்பார்த்த 100 டிகிரிக்கு மாறாக 180 டிகிரி வெப்பம் நிலவியதே பணி நின்றுபோனதற்கு முதன்மைக் காரணமாயிற்று. அந்த ஆழமும் பூமியின் ஆரத்தில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே.

அளவுக் கணக்கு இன்னும் சுவையானது. புதைந்த தாவரப் பொருளில் எவ்வளவு எண்ணெயாகிறது என்பதை 2003இல் கணக்கிட்ட ஜெஃப்ரி டியூக்ஸ் என்னும் சூழலியலாளர், ஒரு அமெரிக்க கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 89 டன் பழங்காலத் தாவரப் பொருள் தேவைப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டார். பெரும்பகுதி புதையும் முன்பே மட்கிவிடுவதும், எஞ்சியதிலும் பெரும்பங்கு பாறைகளுக்குள் சிக்கிக் கைக்கு எட்டாமல் போவதும் இந்த வீணடிப்புக்குக் காரணங்கள். அதே விகிதத்தை ஆளுக்கு 70 கிலோ எடையுள்ள ஆறு பேருக்குப் பொருத்திப் பார்த்தால் கிடைப்பது 18 மில்லிலிட்டர், ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். மல்யுத்தத்துக்கு அது காணாது.

எண்ணெய் ஒருநாள் அறவே தீர்ந்துவிடும் என்ற கதையின் அடிப்படைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஷெல் நிறுவனத்தில் பணியாற்றிய புவியியலாளர் கிங் ஹப்பர்ட் 1956இல், அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1965க்கும் 1970க்கும் இடையில் உச்சம் தொட்டுச் சரியும் என்று முன்னுரைத்தார். 1970இல் உச்சம் தொட்டுச் சரியவே செய்தது. இந்த அத்தியாயம் எழுதப்பட்டபோது உலகெங்கும் பேசப்பட்ட அச்சம் அதுவே. பின்னர் இறுக்கமான களிப்பாறைகளை நீரழுத்தத்தால் விரிசலிட்டு எண்ணெய் எடுக்கும் முறை பரவியதால், 2018 வாக்கில் அமெரிக்க உற்பத்தி பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. தீரப்போகும் எண்ணெயைப் பற்றிய கவலை பின்னுக்குப் போய், எரித்த எண்ணெயின் கரியமில வாயுவைப் பற்றிய கவலை முன்னுக்கு வந்திருக்கும் இன்றைய நிலையில், மூன்று கதைகளுள் பழசாகிப்போனது இரண்டாவதே.

மூன்றாவது கதை குவான்சாவைப் பற்றியது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பண்பாட்டு விழாவாக 1966இல் மௌலானா கரெங்கா தோற்றுவித்த இப்பண்டிகையில், டிசம்பர் 26 முதல் ஏழு நாள்களும் நாளுக்கொன்றாக ஏழு மெழுகுவர்த்திகள் ஏற்றப்படுகின்றன. கதைமாந்தருள் ஒருவரான ஹெர்மிஸ் கான்ராட்டின் குடும்பத்துக்குத் தூய தேன்மெழுகு வேண்டியிருக்கிறது. பூமியிலோ தேனீக்கள் இல்லை. ஆகவே ஆள் உயரத் தேனீக்கள் வாழும் விண்வெளிக் கூட்டுக்குச் செல்கின்றனர். அங்கும் கூட்டுச் சீர்குலைவு தொற்றியிருக்க, குவான்சாவின் கூட்டுழைப்புக் கொள்கையை ஹெர்மிஸ் எடுத்துரைக்க, கடைசியில் தேனீக்கள் ஒற்றுமையாக உழைத்து வந்தவர்களையே மெழுகில் தோய்த்து மெழுகுவர்த்திகளாக்கிவிடுகின்றன.

ஆள் உயரத் தேனீ என்பது உடற்கூற்றியலுக்கு ஒவ்வாதது. பூச்சிகளுக்கு நுரையீரலும் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் குருதியும் இல்லை. உடலின் பக்கங்களிலுள்ள துளைகள் வழியே நுழையும் காற்று, கிளைவிட்டுப் பிரியும் நுண்குழாய்கள் மூலம் திசுக்களை நேரே சென்றடைகிறது. உடல் பெருக்கப் பெருக்க அக்குழாய்கள் உடலுக்குள் பிடிக்கும் இடம் விகிதத்துக்கு மீறிக் கூடுவதால் அளவுக்கு ஓர் எல்லை விழுகிறது. காற்றில் ஆக்சிஜன் செறிந்தால் அந்த எல்லை சற்று விலகும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆக்சிஜன் மிகுந்திருந்த கார்பானிஃபெரஸ் காலத்தின் இறுதியில் தட்டானின் உறவினமான மெகநியூரா சுமார் 65 சென்டிமீட்டர் இறக்கை விரிப்புடன் பறந்ததை அதற்குச் சான்றாகக் காட்டுவர். முதற்கதையின் காற்றுதான் மூன்றாம் கதையின் தேனீக்கு ஓரளவேனும் பொருந்தும். கதாசிரியர்கள் இரண்டையும் தனித்தனியே வைத்துவிட்டனர்.

மெழுகு எங்கிருந்து வருகிறது என்பதைக் கதை சொல்லவில்லை. பிறந்து ஏறக்குறைய இரண்டு வாரங்களான வேலைக்காரத் தேனீயின் வயிற்றடியில் நான்கு இணைச் சுரப்பிகள் உண்டு. அவை சுரக்கும் திரவம் காற்றுப் பட்டதும் மீன் செதிள்போன்ற மெல்லிய தகடாக இறுகுகிறது. அத்தகட்டைப் பின்னங்காலால் வழித்தெடுத்து, வாயில் மென்று குழைத்து, தேனீ அடையின் விளிம்பில் ஒட்டுகிறது. ஒரு கிராம் மெழுகுக்கு ஏறத்தாழ ஆயிரம் தகடுகள் வேண்டும். ஒரு கிலோ மெழுகைச் சுரக்க ஆறு முதல் எட்டுக் கிலோ தேன் உணவாகச் செலவாகும் என்பது பொதுவான மதிப்பீடு. இளம் தேனீக்கள் திரளாக இருக்கும் கூட்டில்தான் இது நடக்கும். ஆள் குறைந்த கூடு அடை கட்டுவதில்லை.

கதையில் வரும் கூட்டுச் சீர்குலைவு என்னும் பெயரில் அமெரிக்கத் தேனீ வளர்ப்போர் 2006–07 குளிர்காலத்தில் கண்டது அவ்வாறு ஆள் குறைந்த கூடுகளையே. பெட்டியில் இராணி இருந்தது, புழுக்கள் இருந்தன, தேனும் இருந்தது. வளர்ந்த வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் இல்லை, அருகில் அவற்றின் பிணங்களும் இல்லை. சிலர் தம் பெட்டிகளில் முப்பது முதல் தொண்ணூறு விழுக்காடு வரை இழந்தனர். ஒற்றைக் குற்றவாளி எவரும் இன்றுவரை அகப்படவில்லை என்றாலும், பூச்சிக்கொல்லி, உணவுத் தட்டுப்பாடு, வைரஸ் ஆகியவற்றோடு வரோவா என்னும் உண்ணிக்கும் முக்கியப் பங்குண்டு என்பதில் ஆய்வாளரிடையே பெருமளவு உடன்பாடு உண்டு. ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தச் செம்பழுப்பு உண்ணி, புழு வளரும் அறையை வேலைக்காரத் தேனீக்கள் மூடி அடைப்பதற்குச் சற்று முன்னர் உள்ளே நுழைந்து ஒளிந்துகொள்கிறது. மூடியபின் முதலில் ஓர் ஆண் முட்டையும் அடுத்தடுத்துப் பெண் முட்டைகளும் இட, அவை இருட்டறைக்குள்ளேயே வளர்ந்து, தமக்குள் இணைசேர்ந்து, புதிய தேனீ அறையைத் திறந்து வெளிவரும்போது பெண் உண்ணிகள் அதன்மேல் தொற்றி வெளியேறுகின்றன. உண்ணி உறிஞ்சுவது குருதியை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. தேனீயின் கல்லீரல் போன்று செயல்படும் கொழுப்புத் திசுவையே அது முதன்மையாக உண்கிறது என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. உண்ணி பரப்பும் வைரஸ்களுள் ஒன்று இறக்கையையே சுருக்கி முடமாக்குகிறது.

இந்த உண்ணி தமிழ்நாட்டுத் தோட்டங்களில் அடை கட்டும் தேனீ இனமான ஆசியத் தேனீயின் பழைய விருந்தாளி. ஆசியத் தேனீக்கள் உண்ணியைத் தடவிப் பார்த்து அகற்றுவதாலும், உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீக்களின் அறைகளில் மட்டுமே இனம்பெருக்க முடிவதாலும் இரண்டும் நெடுங்காலமாக ஒத்துப்போய் வாழ்ந்தன. தென்னிந்தியத் தேனீக்களை 1990களின் தொடக்கத்தில் வாரிக்கொண்டு போனது வரோவா அன்று, தாய் சாக்பிரூட் என்னும் வைரஸ். மனிதர் ஐரோப்பியத் தேனீயைக் கிழக்காசியாவுக்குக் கொண்டுசென்றபோதுதான் உண்ணி எதிர்ப்பறியாத அந்த இனத்துக்குத் தாவியது; வேலைக்காரத் தேனீக்களின் அறைகளிலும் பெருகும் வாய்ப்பு அங்கே கிடைத்ததால், 1987இல் அமெரிக்காவை எட்டி, கண்டம் கண்டமாகப் பரவியது. கடைசிவரை தப்பியிருந்த ஆஸ்திரேலியாவில், 2022 ஜூன் மாதம் நியூகாசில் துறைமுகத்தில் நோய்க் கண்காணிப்புக்காக வைத்திருந்த பெட்டிகளில் அது அகப்பட்டது. ஆயிரக்கணக்கான கூடுகளை அழித்துத் தடுத்துப் பார்த்த அந்நாடு, 2023 செப்டம்பரில் ஒழிப்பு முயற்சியைக் கைவிட்டு, உண்ணியோடு வாழும் வழிமுறைகளுக்கு மாறிக்கொண்டது.